தேவசாயலை வீட்டிலும் தோட்டத்திலும் கைக்கொள்ளும் வழி

மனிதன் தேவசாயலாக, அதாவது தேவனைப் போன்ற சாயலில், படைக்கப்பட்டான் என்ற உபதேசத்தை நாம் ஓய்வுநாள் பள்ளியிலோ மறைக்கல்வி வகுப்பிலோ மனப்பாடம் செய்துவிடுகிறோம். குமரி மாவட்டத்தில் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. ஆனாலும் கத்தோலிக்கப் பங்கானாலும் இரட்சணிய சேனையானாலும் இதை மறுப்பவர் எவரும் இல்லை. ஆயினும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு எந்தத் தம்ளரில் காப்பி கொடுக்கிறோம் என்பதிலும், மகனுக்குப் பெண் தேடும்போது முதலில் எதை விசாரிக்கிறோம் என்பதிலும் அந்த உபதேசத்துக்கு இடம் கிடைப்பதில்லை. அங்கேயும் அதைக் கைக்கொள்ள விரும்பும் குடும்பங்களுக்காக இந்த வழிமுறைகளை எழுதுகிறேன்.

முதலில், ஒரு வாரக் குடும்ப ஜெபத்தை இதற்கென ஒதுக்குங்கள். ஆதியாகமம் 1:26-28 வசனங்களோடு நிறுத்திவிடாமல், அதே புத்தகத்தின் 9:6 வசனத்தையும் யாக்கோபு 3:9 வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். முதற்பகுதி பாவம் நுழைவதற்கு முந்தைய மனிதனைப் பற்றியது. மற்ற இரண்டும் பாவத்தில் விழுந்துவிட்ட மனிதனைப் பற்றியவை. ஜலப்பிரளயத்துக்குப் பின் நோவாவிடம் மனித இரத்தத்தைச் சிந்தக் கூடாது என்று கட்டளையிடும் தேவன் அதற்குக் காட்டும் காரணம் இந்தச் சாயலே. பிதாவைத் துதிக்கும் அதே நாவினால் மனிதரைச் சபிப்பதை யாக்கோபு கண்டிப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே குடித்து அழிந்தவனிடத்திலும் நம்மை ஏமாற்றியவனிடத்திலும் அந்தச் சாயல் அற்றுப்போயிற்று என்று சொல்லி ஒதுங்குவதற்கு வேதம் இடந்தரவில்லை. கன்வென்ஷன் எனப்படும் நற்செய்திக் கூட்டங்களின் பந்தல்களில் இந்த உபதேசம் பெரும்பாலும் கேட்பவரைத் தேற்றுவதற்கே பயன்படுகிறது. தேற்றுவது தவறல்ல, ஆனால் இந்த இரண்டு வசனங்களும் நம் எதிரே நிற்பவரின் மதிப்பையே பேசுகின்றன என்பதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்ததாக, நாவைச் சோதித்தறியுங்கள். நம்மைவிட மேலான இடத்தில் இருப்பவர்களிடம் நாம் பேசும் விதம் எதையும் காட்டிக்கொடுக்காது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வருபவர், கட்டட வேலைக்கு வடமாநிலத்திலிருந்து வந்திருக்கும் இளைஞர், வாசலில் மீன் கொண்டுவரும் அம்மா ஆகியோரை வீட்டிலுள்ளவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று சில நாட்கள் கவனித்தால் போதும். வயதில் மூத்தவரைச் சிறு பிள்ளையும் ‘நீ’ என்று அழைக்கிறதென்றால், அது பெரியவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட பேச்சு. பிள்ளையைத் திருத்துமுன் பெரியவர்கள் தங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்களுடைய பெயரைக் கேட்டறிந்து, பெயரோடோ அண்ணன், அக்கா என்ற முறையோடோ அழைப்பது நல்ல தொடக்கமாகும்.

பேச்சோடு கூலியும் சேர்ந்தது. சூரியன் அஸ்தமிக்குமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24:15 சொல்கிறது. மாதச் சம்பளம் பேசியிருந்தால் குறித்த தேதியில் கொடுங்கள். மழை பெய்து பால்வெட்டு நின்றுபோகும் நாட்களில் அந்தக் குடும்பம் எதைக் கொண்டு சாப்பிடும் என்பதையும் கேட்டறியுங்கள். தரித்திரனை ஒடுக்குகிறவன் அவனை உண்டாக்கினவரையே நிந்திக்கிறான் என்று நீதிமொழிகள் 14:31 கூறுகிறது.

எல்லாவற்றிலும் கடினமானது கல்யாணக் காரியம். இங்கேதான் நம் மாவட்டத்தின் வரலாற்றை நினைவுகூர வேண்டியிருக்கிறது. அன்று நம் பகுதி அடங்கியிருந்த தெற்குத் திருவிதாங்கூரில் நம் முன்னோர்களில் பலருக்குத் தங்கள் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைகூடப் போராடித்தான் கிடைத்தது. 1859 ஜூலையில் வெளியான மன்னரின் பிரகடனம் நாடார் பெண்களுக்கு மேலாடை அணிய அனுமதி அளித்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற தடையை நீக்கவில்லை. அந்த அவமானத்தை அறிந்த சமுதாயத்தில் பிறந்த நாமே, ஆலயத்தில் அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணிவிட்டு வந்து, வரன் பார்க்கும்போது சாதியை முதலில் விசாரிக்கிறோம். நட்டாலத்தில் பிறந்து, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் கொல்லப்பட்ட கிறிஸ்தவ மறைசாட்சி தேவசகாயம், எல்லாச் சாதியாரோடும் வேறுபாடின்றிப் பழகியவர். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டம் அவர் பெயரோடு சேர்க்கப்படவில்லை. திருச்சபை பெயரிலிருந்து நீக்கியதை நாம் வரன் விவரத்தில் முதல் வரியாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, பிள்ளைகளுக்குத் திருமண வயது வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே கணவனும் மனைவியும் கூடிப் பேசி மூன்று முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சாதியை நிபந்தனையாக வைக்க மாட்டோம்; ஸ்திரீதனமாக இத்தனை பவுன், இத்தனை பணம் என்று கேட்கவும் மாட்டோம், தரகர் வாயிலாகக் கேட்க விடவும் மாட்டோம்; பெண்ணின் நிறத்தைப் பற்றி நம் வீட்டில் ஒருவரும் பேசக் கூடாது. ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார் என்று சொல்லும் வசனத்தை நம்புகிற வீட்டில், பெண்ணுக்கு விலை பேசுவதும் நிறத்துக்குத் தள்ளுபடி கேட்பதும் நடக்கக் கூடாது. சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னிலையில் முடிவெடுக்கலாம் என்று தள்ளிவைத்தால் உறவினர்களின் குரலே வெல்லும். இதனால் சில நல்ல சம்பந்தங்கள் கைநழுவும் என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

படுக்கையில் கிடக்கும் முதியோரையும், நினைவு தப்பியவர்களையும், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளையும் குறித்து ஒரு காரியம் சொல்ல வேண்டும். சாயல் என்பதை அறிவு அல்லது பேச்சுத் திறன் என்று மட்டும் விளக்கினால், இவர்களைக் குறைந்த மனிதராக எண்ணும் ஆபத்து உண்டு. ஆகவே விருந்தினர் வரும்போது அவர்களை உள்ளறையில் மறைத்துவைக்காமல் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். குடும்ப ஜெபத்தை அவர்கள் கட்டிலருகே நடத்துங்கள். போதகரையோ பங்குத்தந்தையையோ அழைத்து வீட்டிலேயே திருவிருந்து கிடைக்கும்படி செய்யுங்கள்.

பூமியை ஆண்டுகொள்ளுங்கள் என்ற கட்டளையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதை ஆதியாகமம் 2:15இல் உள்ள ‘பண்படுத்தவும் காக்கவும்’ என்பதோடு சேர்த்து வாசித்தால், குளத்தை நிரப்பி வீட்டுமனை போடுவதற்கும் மலையை உடைத்து விற்பதற்கும் அதில் அனுமதி தேட முடியாது.

இவற்றையெல்லாம் நம் மன உறுதியால் செய்து முடித்துவிட முடியாது. அதரிசனமான, அதாவது கண்ணுக்குத் தெரியாத, தேவனுடைய தற்சுரூபம், அதாவது சாயல், கிறிஸ்துவே என்று கொலோசெயர் 1:15 சொல்கிறது. நம்மைச் சிருஷ்டித்தவருடைய சாயலுக்கு ஒப்பாக நாம் புதிதாக்கப்படுவதை 3:10 சொல்கிறது. அது நாள்தோறும் நடக்கும் வேலையாதலால் நடுவில் தவறுவோம். தவறியபோது செய்ய வேண்டியதை மத்தேயு 5:23-24 கற்பிக்கிறது: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும். திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தைய வாரத்தில், உங்களால் இழிவுபடுத்தப்பட்டவரிடம் நீங்களே போங்கள். பிறர் கேட்கத் திட்டியிருந்தால் அவர்கள் கேட்கவே மன்னிப்புக் கேளுங்கள்; கூலியைப் பிடித்துவைத்திருந்தால் மன்னிப்புக் கேட்கும்போதே அந்தப் பணத்தையும் கையில் கொண்டுபோங்கள்.