கௌபாய் ரிவால்வர் நகல்: பார்த்து வாங்குவது எப்படி?

1873-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மியைத்தான் 'பீஸ்மேக்கர்' என்பார்கள். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை) இழுத்துவிட்டுத்தான் சுட முடியும். அசல் கோல்ட் இன்று பலருக்கும் எட்டாத விலை. ஆனால் அமெரிக்காவில் கௌபாய் பாணித் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு வருகிறவர்கள் பலரின் இடுப்பில் தொங்குவது நிஜமாகவே சுடும் இத்தாலிய நகல்தான்.

1. யார் செய்தது என்று பாருங்கள்

இத்தாலியில் பிரெஷா பகுதியைச் சேர்ந்த உபெர்ட்டி, பியெட்டா இரண்டும்தான் முக்கியமான பெயர்கள். டெக்சஸின் சிமரான், வர்ஜீனியாவின் டெய்லர்ஸ் போன்றவை இவர்களிடம் வாங்கித் தங்கள் பெயரில் விற்கின்றன. அதனால் முத்திரைக்காக மட்டும் கூடுதல் பணம் தராதீர்கள். இன்னும் மலிவாக வேண்டுமா? ஹெரிட்டேஜ் ரஃப் ரைடர் இருக்கிறது. .22 தோட்டா (இந்த எண் குண்டின் சுமாரான விட்டம், அங்குலத்தில்), துத்தநாகக் கலவைச் சட்டகம். பழகுவதற்குப் போதும்.

2. தோட்டா அளவு

.45 கோல்ட்தான் பழைய மரபு. ஆனால் என் ஓட்டு .357-க்கு. அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷலும் போடலாம், விலையும் குறைவு, உதைப்பும் குறைவு.

3. கடையில் கையில் எடுத்ததும்

முதலில் காலிதானா என்று பாருங்கள். துப்பாக்கி முனையை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, ஹேமரைப் பாதி நிலைக்கு இழுத்து, வலப்பக்கச் சிறு கதவைத் திறந்து, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைச் சுழற்றி ஆறு அறையையும் பாருங்கள்.

அப்புறம், வெறுமனே ஹேமரை இயக்கிப் பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சரி என்றால் மிக மெதுவாக முழுதாக இழுங்கள். ஹேமர் கடைசி நிலையில் நிற்கும்போது சிலிண்டரும் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதை ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று பூட்டாமல் போவதும் உண்டு. பூட்டாவிட்டால் அறையும் பேரலும் நேர்கோட்டில் நிற்காது, சுடும்போது ஈயத் துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும். அப்படிப்பட்டதை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஹேமர் இழுக்கும்போது நாலு 'கிளிக்' கேட்க வேண்டும் என்பார்கள். சில நகல்களில் எண்ணிக்கை மாறும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முன்குறி (பேரல் நுனியில் குறிபார்க்க நிற்கும் சிறு தகடு) செங்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள். அது சாய்ந்திருந்தால் குண்டு பக்கம் விலகும். குண்டு குறிக்குக் கீழே பட்டால் பயமில்லை, முன்குறியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரம் போட்டுத் தேய்த்தால் மேலே ஏறும். அதிகம் தேய்த்துவிட்டால் திரும்ப வளராது!

4. ஐந்துதான், ஆறல்ல

பழைய வடிவமைப்பில் ஹேமர் நேரே தோட்டாவின் மேல் உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கலாம். ஆகவே ஹேமரைப் பாதி நிலையில் வைத்து, ஒரு தோட்டா போட்டு, ஓர் அறையை விட்டு, அடுத்த நான்கையும் நிரப்புங்கள். பிறகு கதவை மூடி, ஹேமரை முழுதாக இழுத்து, கட்டைவிரலால் பிடித்தபடி மெல்ல இறக்கினால் அது காலி அறையின் மேல் வந்து நிற்கும். பாதி நிலையிலிருந்தே இறக்கினால் சிலிண்டரைச் சுற்றிக் கீறல் விழும்.

5. திருகாணிகள்

சுட்டு முடித்ததும் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள், குறிப்பாகக் கைப்பிடிப் பக்கம். அதிர்வில் தளரும். திருகாணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூட்ரைவரையே பயன்படுத்துங்கள்.