ரீசெட் ஆன சிப்பும் பழைய பிசியும்: ஜிடிபி ரெஜிஸ்டரை எங்கிருந்து எடுக்கிறது

கோயமுத்தூர் கணபதியில் சின்னப் பட்டறை வைத்து போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு கன்ட்ரோல் போர்டு செய்கிறேன். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோப்பிலிருந்து போர்டு ஒன்று திரும்பி வந்தது. "மோட்டார் ஓடிட்டு இருக்கறப்பவே கல்லு மாதிரி நின்னுக்குதுங்க, பியூஸைப் புடுங்கிப் போட்டாத்தான் உசுரு வருது" என்றார் தோப்புக்காரர். பட்டறையில் லோடு ஏற்றியதும் இங்கேயும் நின்றது.

சிப் எஸ்டிஎம்32எஃப்103. சிப்பைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் எஸ்டி-லிங்கைச் சொருகி, அதன் வழியாகச் சிப்போடு பேசும் ஓப்பன்ஓசிடியை ஓடவிட்டு, ஜிடிபி என்ற டீபக்கரில் (ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் மென்பொருள்) 3333 போர்ட்டில் இணைந்தேன். பிசி, அதாவது சிப் நிற்கும் கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்), 08001234 என்று காட்டியது. சரி, ரீசெட் செய்து பார்ப்போம் என்று 'மானிட்டர் ரீசெட் ஹால்ட்' (ரீசெட் செய்து உடனே நிறுத்து) கொடுத்தேன். ரீசெட் ஆனால் பிசி மாற வேண்டும், அப்போதும் அதே 08001234. ரீசெட் லைன்தான் போச்சு என்று நானாக முடிவுகட்டி, ராத்திரி பத்து மணிக்கு ரீசெட் கெப்பாசிட்டரைக் கழற்றி மாற்றினேன். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்காமல் இருக்க, முதலில் 'செட் டீபக் ரிமோட் 1' போடுங்கள். (கமாண்டுகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.) அப்புறம் 'இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்'. ஜிடிபி அனுப்புவது திரையில் தெரியும்: டாலர் குறி, ஜி, ஹாஷ் குறி, 67. ஜி என்றால் 'எல்லா ரெஜிஸ்டரையும் கொடு'. 67 செக்சம்: எழுத்துகளின் குறியெண்களைக் கூட்டி, கடைசி பைட்டை ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) எழுதுவது. இங்கே இருப்பது ஒரே எழுத்து, அதனால் அதன் குறியெண்ணேதான்.

பதில் ஒரு நீளமான ஹெக்ஸ் சரம். இந்தச் சிப்புக்கு ஆர்0 முதல் ஆர்12 வரை, பிறகு எஸ்பி (ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகத்தின் முகவரி), எல்ஆர் (திரும்பிப் போக வேண்டிய முகவரி), பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர் (சிப்பின் நிலை) என 17 ரெஜிஸ்டர். ஒன்றுக்கு 4 பைட், பைட்டுக்கு 2 எழுத்து, ஆக 136 எழுத்து. பிசிக்கு முன்னால் 15 ரெஜிஸ்டர் இருப்பதால் அது 121-வது எழுத்தில் தொடங்கும். அங்கே எனக்கு இருந்தது 34120008. சிறிய பைட் முதலில் வரும் சிப் இது; பைட் பைட்டாகப் பின்னாலிருந்து படித்தால் 08001234.

சிப்புக்குள் நடப்பது வேறு கதை. கோர் (சிப்புக்குள் இருக்கும் செயலி) ஹால்ட்டில், அதாவது ஓடாமல், நிற்க வேண்டும். ஓப்பன்ஓசிடி டிசிஆர்எஸ்ஆர் என்ற இடத்தில் எந்த ரெஜிஸ்டர் வேண்டும் என்று எண்ணை எழுதும்; பிசிக்கு 15. மதிப்பு தயார் என்று காட்டுவது டிஹெச்சிஎஸ்ஆர் என்ற இடத்தின் 16-வது பிட், எஸ்_ரெக்ஆர்டிஒய்; அது 1 ஆனதும் டிசிஆர்டிஆர் என்ற இடத்திலிருந்து மதிப்பை எடுத்துக்கொள்ளும். எடுத்ததைத் தன்னிடமும் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். ஜிடிபியும் தன் பங்குக்கு ஒரு நகல் வைக்கும்.

என் இரவு போனது அந்த இரண்டாவது நகலால். 'கன்டினியூ', 'ஸ்டெப்' கொடுத்தால் ஜிடிபி தன் நகலைத் தூக்கிப்போடும். 'மானிட்டர்' என்று கொடுத்தால், பின்னால் இருப்பது என்ன வார்த்தை என்று பார்க்காமல் ஓப்பன்ஓசிடியிடம் தள்ளிவிடும், அவ்வளவுதான். சிப் ரீசெட் ஆனதே அதற்குத் தெரியாது. பெருந்துறையில் போன வாரம் விற்ற கொப்பரை விலையை இன்றைக்கும் சொல்லும் தரகர் மாதிரி.

கண்டுபிடிக்க எளிய வழி: பிசியைக் கேட்ட பிறகும் திரையில் ஜி பாக்கெட் போகவில்லையா, நீங்கள் பார்ப்பது நகல். 'மானிட்டர் ரெக் பிசி ஃபோர்ஸ்' என்றால் ஓப்பன்ஓசிடி சிப்பிடமே மறுபடி கேட்கும். எனக்கு 08001180 வந்தது, ரீசெட் ஆனதும் முதலில் ஓடும் ரீசெட் ஹேண்ட்லரின் முகவரி. அப்புறம் 'மெயின்டனன்ஸ் ஃப்ளஷ் ரெஜிஸ்டர்-கேஷ்' கொடுத்தேன். ஜிடிபியும் 08001180-க்கு வந்தது. பழைய ஜிடிபியில் இதற்கு 'ஃப்ளஷ்ரெக்ஸ்'.

போர்டு நின்ற காரணமோ, முதல் ஜி பதிலின் கடைசி எட்டு எழுத்திலேயே இருந்தது: 03000001, பின்னாலிருந்து படித்தால் 01000003. எக்ஸ்பிஎஸ்ஆரின் கடைசி 9 பிட்டில் 3 என்றால் ஹார்ட்ஃபால்ட், சிப்பால் மேலே ஓட முடியாத பிழை. 08001234 அப்படிப் பிழை வந்தால் போய்ச் சேரும் டீஃபால்ட் ஹேண்ட்லரின் முடிவில்லா லூப். மறுபடி லோடு ஏற்றி நிற்கவிட்டு, இந்த முறை ரீசெட் செய்யாமல் ஃபால்ட் வந்ததும் சிப் ஸ்டாக்கில் சேமித்து வைத்த 8 வேர்டை (ஒன்று 4 பைட்) எஸ்பி காட்டிய இடத்திலிருந்து படித்தேன். ஏழாவது வேர்டுதான் ஃபால்ட் நடந்தபோது இருந்த பிசி. அது கரன்ட்டை டிஸ்ப்ளேயில் எழுதும் ஃபங்ஷனுக்குள் இருந்தது. 9.9 ஆம்பியர் வரைக்கும்தான் நான் இடம் விட்டிருந்தேன், 10.0 ஆனதும் ஒரு எழுத்து கூடிப்போய் அடுத்திருந்த பாயின்டரை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) அழித்திருக்கிறது.