ரயிலைத் துரத்திப் படம் பிடிக்கும்போது ரோட்டில் செய்யக் கூடாதவை

காரிலோ பைக்கிலோ ரயிலைத் துரத்தப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு ரோட்டில் நடப்பதே இல்லை, வீட்டிலேயே நடந்துவிடுகிறது. கணக்குப் போடாமல் கிளம்புகிறார்கள். சென்னை - ஜோலார்பேட்டை தடத்தில் வந்தே பாரத் மணிக்கு 130 கி.மீ. வரை போகிறது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் அந்தத் தண்டவாளமும் பெங்களூரு நெடுஞ்சாலையும் அருகருகே ஓடுவதால், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பிடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். நீங்கள் 80-இல் போகிறீர்கள் என்று வையுங்கள், பத்து நிமிஷத்தில் ரயில் உங்களைவிட எட்டு கிலோமீட்டருக்கு மேல் முன்னால் போயிருக்கும். அந்த எட்டைக் கடக்க மட்டும் உங்களுக்கு ஆறு நிமிஷம் வேண்டும், அது ஸ்டேஷனில் நிற்பதோ இரண்டே நிமிஷம். ஆக, சட்டப்படி ஓட்டினால் அந்த ரயிலை இரண்டாவது தடவை பார்க்கவே முடியாது. பார்த்தே தீருவேன் என்று 120, 130 போகிறவர் நடுவில் குறுக்கே வரும் டிராக்டரையும் எதிர்த்திசையில் வரும் பைக்கையும் நம்பித்தான் போகிறார்.

அதிவேக ரயிலுக்கு ஒரே ஒரு ஸ்பாட் போதும், முன்கூட்டியே போய் நின்றுவிடுங்கள். துரத்துவதற்கென்றே வேறு ரயில்கள் இருக்கின்றன. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் பாசஞ்சர், ஒற்றைத் தடத்தில் கிராஸிங்குக்காக, அதாவது எதிரே வரும் ரயில் கடந்து போவதற்காகக் காத்துக் கிடக்கும் சரக்கு வண்டி, செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைத்தடத்து ரயில்கள் எல்லாம் இந்த வகை. எல்லாவற்றுக்கும் மேலே நீலகிரி மலை ரயில். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் நீராவி வண்டி குன்னூர் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. கல்லாறு தாண்டிப் பல்சக்கரத் தடத்தில் அதன் வேகமே மணிக்கு 13 கி.மீ.தான். ரோட்டில் நீங்கள் எவ்வளவு நிதானமாகப் போனாலும் அதை முந்திவிடலாம். அப்படி இருந்தும் அந்த மலைப்பாதையில் பஸ்ஸை வளைவில் முந்தும் ரசிகர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அவசரப்பட அங்கே ஒரு காரணமும் இல்லை.

அடுத்தது கண். ரயிலும் ரோடும் பக்கத்தில் வந்து, உங்கள் வண்டியும் ரயிலின் லோகோவும் (எஞ்சின்) சேர்ந்து ஓடும் அந்த ‘பேசிங்’ தருணத்துக்காகத்தான் பலர் இந்தப் பொழுதுபோக்குக்கே வருகிறார்கள், அந்த ஆசை எனக்கும் நன்றாகப் புரிகிறது. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறவருக்கு அந்தக் காட்சி கிடையாது. 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். லோகோ நம்பரைப் படிக்க இரண்டு விநாடி திரும்பினால் 44 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகத்தான் அர்த்தம். பார்வை போகிற பக்கம் கையும் கொஞ்சம் போகும், தண்டவாளம் இடது பக்கம் இருந்தால் வண்டி இடது ஓரத்துக்கு மெல்ல நழுவும், அங்கேதான் நடந்து போகிறவரும் சைக்கிள்காரரும் இருப்பார்கள்.

அதனால் துரத்தப் போனால் குறைந்தது இரண்டு பேர் போங்கள், ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் படம் எடுக்கட்டும். அடுத்த ஸ்பாட் வரைக்கும் மாற்றிக்கொள்ளலாம். தனியாகப் போகிறவர் ஓடும் வண்டியிலிருந்து படம் எடுக்கும் யோசனையையே விட்டுவிட வேண்டும். நண்பர் எடுத்தாலும் ஜன்னல் வழியே உடம்பைப் பாதி வெளியே நீட்டுவது, சன்ரூஃபில் எழுந்து நிற்பது, பைக்கில் பின்னால் திரும்பி உட்கார்ந்து எடுப்பது எதுவும் வேண்டாம். ஒரு பள்ளம் போதும், ஆள் கீழே கிடப்பார்.

போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துரத்தலே போனை நம்பித்தான் நடக்கிறது. ரயில்வேயின் என்.டி.இ.எஸ். ஆப்பில் ரயில் எங்கே என்று பார்ப்பது, வாட்ஸ்அப் குரூப்பில் ‘கிராஸ்டு’ (ரயில் தாண்டிவிட்டது) என்று யாராவது போட்டிருக்கிறார்களா என்று தேடுவது, எல்லாமே ஓட்டிக்கொண்டே நடக்கிறது. ஓட்டும்போது கையில் பிடிக்கும் கருவியை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்றுதான் 2020-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. ரயில் எங்கே வருகிறது என்று பார்ப்பது வழி பார்ப்பதாகாது. கையில் போனோடு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில், அதாவது ஆபத்தாக ஓட்டியதாக, வழக்கு வரும். முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அப்புறம், ஆப் காட்டும் இடம் பல நேரம் சில நிமிஷம் பழையதாக இருக்கும். அதை நம்பிப் பதறுவதைவிட வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நிதானமாகப் பார்த்துக் கிளம்பினால் எதுவும் கெட்டுவிடாது.

சரி, ரயில்வே கேட்டுக்கு வருவோம். ரயில் ரசிகருக்கு லெவல் கிராஸிங்கைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் தெரியும், அதுவேதான் ஆபத்தாகவும் முடிகிறது. சிக்னல் என்ன நிறத்தில் இருக்கிறது, பக்கத்து ஸ்டேஷனை ரயில் எப்போது தாண்டியது என்று கணக்குப் போட்டு, இன்னும் நான்கு நிமிஷம் இருக்கிறது என்று மூடிய கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்துக்கொண்டு நுழைகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கு உங்கள் ரயிலுக்கு மட்டும்தான். எதிர்த்தடத்தில் நேரம் தவறி வரும் சரக்கு வண்டியோ, தனியாக வரும் லோகோவோ, ரயில்வே ஊழியர்கள் வரும் டிராலியோ அந்தக் கணக்கில் இல்லை. இரட்டைத் தடத்தில் ஒரு ரயில் போனதும் அதன் கடைசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து இன்னொன்று எதிர்ப்பக்கம் வருவது சாதாரண விஷயம். கேட் முழுதாகத் திறக்கும்வரை நகராதீர்கள்.

திறந்திருக்கும் கேட்டிலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். 2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது ஆள் இருந்த கேட். சிக்னலோடு இணைக்கப்படாத கேட் என்பதால், ரயில் வரும்போது கேட் மூடித்தான் இருக்கும் என்று உறுதி சொல்ல அங்கே எந்த இயந்திர ஏற்பாடும் இல்லை. ரயில்களைப் பற்றி நாள் முழுக்கப் பேசும் நாம் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். அகலப் பாதையில் ஆளில்லாத கேட்டுகள் 2019-லேயே எடுக்கப்பட்டுவிட்டன. வேறு எங்காவது அப்படி ஒன்று எதிர்ப்பட்டால் வண்டியை நிறுத்தி, கூட வந்தவர் இறங்கி நடந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் கடக்க வேண்டும், கூட யாரும் இல்லை என்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 131-ஆவது பிரிவு இதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. மூடிய கேட்டை ரயில்வே ஊழியர் அல்லாத ஒருவர் திறந்தால் ரயில்வே சட்டம் 160-ஆவது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, உடைத்தால் ஐந்து வருஷம் வரை.

கேட்டில் இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கிறது. கேட் திறந்ததும் முதல் ஆளாகப் பாய்ந்து அடுத்த ஸ்பாட்டுக்கு ஓட வேண்டும் என்று, வரிசையை விட்டு எதிர்த்திசை வண்டிகளுக்கான வலது பக்கம் போய் நிற்பது. இரண்டு பக்கமும் இப்படியே நின்றால் கேட் திறந்த பிறகு யாரும் நகர முடியாமல் தண்டவாளத்துக்கு மேலேயே வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். குன்னூர் ஸ்டேஷனை ஒட்டிய கேட்டுக்குப் போனால் நெரிசல் என்றால் என்னவென்று புரியும். கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் உங்கள் வண்டி முழுசாக நிற்க இடம் இருந்தால்தான் தண்டவாளத்துக்குள் நுழைய வேண்டும், பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும்.

நிறுத்துவதில்தான் மிச்சத் தவறுகள் எல்லாம். பாம்பனில் புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு, ரயில் கடலைக் கடப்பதைப் பார்க்க ஆட்கள் இந்திரா காந்தி சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள், காட்சி அங்கிருந்துதான் அருமையாகத் தெரியும் என்பதும் உண்மை. ஆனால் ராமேஸ்வரத்துக்கு ரோட்டில் போக வேறு வழியே கிடையாது. நாலு கார் நின்றால் பின்னால் வரும் ஆம்புலன்ஸும் நிற்கும். பாலத்துக்கு முன்போ தாண்டியோ நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். செங்கோட்டை - புனலூர் தடத்தில் இருக்கும் கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்திலும் இதே கதைதான். கொல்லம் நெடுஞ்சாலை பாலத்துக்குப் பக்கத்திலேயே போகிறது, மலைப்பாதை, லாரிகள் வேறு. கண்ணில் பாலம் பட்டவுடன் பிரேக்கை மிதிக்கிறவருக்குப் பின்னால் பாரம் ஏற்றிய லாரி இறங்கி வந்துகொண்டிருந்தால் அதனால் நிற்க முடியாது. வளைவில், பாலத்தில், ஏற்றத்தின் உச்சியில், கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்று சாலை விதிகளில் இருப்பது இதற்காகத்தான். இடத்தை முந்தின நாளே மேப்பில் பார்த்து, எங்கே முழுசாக ரோட்டை விட்டு இறங்கி நிற்க முடியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ரோட்டுப் பக்கக் கதவை முதலில் திறக்காதீர்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடாதீர்கள்.

நீலகிரிக்குப் போகிறவர்கள் இன்னும் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், அதை எடுக்காமல் போய்ச் செக்போஸ்ட்டில் நின்று பதிவு செய்துகொண்டிருந்தால் 7.10 வண்டி போய்விடும். கோடை சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் பாதை, இறங்குவதற்குக் கோத்தகிரி பாதை என்று ஒருவழியாக்கிவிடுவார்கள், ஆகவே ஒரு ஸ்பாட்டைத் தவறவிட்டால் திரும்பிப் போகலாம் என்ற எண்ணமே வேண்டாம். சீசன் இல்லாவிட்டாலும் கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பாதீர்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு, இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். இறங்கும்போது நியூட்ரல் போடவே கூடாது, இரண்டாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடாகி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போய்விடும். கல்லாறு பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கும் இடம், விடியற்காலையில் அங்கே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக் காத்திருப்பது ரயிலுக்காக என்றாலும் சரியில்லை.

மதுக்கரை - வாளையாறு பக்கமும் இதையே சொல்வேன், காட்டுக்குள் போகும் மண்பாதை எல்லாம் பொது வழி அல்ல, வனத்துறை பிடித்தால் அது தனி வழக்கு. ரயில்வே இடத்துக்குள் போனாலும் அப்படித்தான். தண்டவாளத்தை ஒட்டி ரயில்வேக்காரர்கள் வண்டி ஓட்டும் பாதையைப் பார்த்து, ரோடுதானே என்று காரை விடாதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தண்டவாளத்துக்கு வெளியே, பொது இடத்தில் நின்று எடுத்தே எத்தனையோ அருமையான படங்கள் வந்திருக்கின்றன. ஸூம் லென்ஸ் எதற்கு இருக்கிறது?

ரயிலை ஓட்டும் லோகோ பைலட்டின் கவனத்தை இழுக்க ஹைபீம் அடிப்பது, ஹாரன் அடித்துக்கொண்டே கூட ஓடுவது, கேட்டுக்கு முன்னால் நின்று ‘ஹாரன் அடிங்க’ என்று கை காட்டுவது, இதையெல்லாம் அன்பாகத்தான் செய்கிறார்கள் என்று தெரியும். ஆனால் அவரும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு வருகிறார்கள். உங்கள் வெளிச்சம் விழும் அந்த விநாடியில் ஒரு சிக்னல் இருக்கலாம். தண்டவாளத்துக்கு அருகில் யாரோ பதற்றமாகக் கை ஆட்டினால் ஆபத்து என்று நினைத்து அவர் பிரேக் போடவும் கூடும். நிற்கும் இடத்திலிருந்து அமைதியாகக் கை அசைத்தால் போதும், பதிலுக்கு அவர்களே ஹாரன் அடிப்பார்கள்.

கூட்டமாகப் போகும்போது யார் முதலில் அடுத்த கேட்டைத் தொடுவது என்ற போட்டி தானாகவே முளைக்கும். பொது ரோட்டில் போட்டி ஓட்டம் தனிக் குற்றம், மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவு. முதலிலேயே எல்லோருக்கும் ஸ்பாட்டுகளைச் சொல்லிவிடுங்கள், ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. இரவு முழுக்க முழித்து விடியற்காலை ரயிலைப் பிடிக்கிறவர்கள் திரும்பும் பயணத்துக்கும் ஒரு தூக்கம் ஒதுக்க வேண்டும். படம் கிடைத்த சந்தோஷம் போனதும் அசதி மொத்தமாக இறங்கும், பல விபத்துகள் வீடு திரும்பும்போதுதான் நடக்கின்றன.

கடைசியாக, இவ்வளவு கவனமாக இருந்தும் வண்டி தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டால் முதலில் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போக வேண்டும். கேமரா பை உள்ளே இருந்தால் இருக்கட்டும். வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ் நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வேண்டும், உங்களைப் பார்த்த பிறகு பிரேக் போட்டால் போதாது. உடனே கேட் கீப்பரிடம் ஓடிச் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்குப் போன் செய்யும் வசதியும் ரயிலை நிறுத்தும் சிவப்புக் கொடியும் விளக்கும் அவரிடம் இருக்கும். கேட் கீப்பர் இல்லாத இடமாக இருந்தால் 139-க்கு அழைத்து, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும் இரண்டு பக்க ஸ்டேஷன்களின் பெயரையும் சொல்லுங்கள். வண்டியைத் தள்ளிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்திவிட்டு.