அடுக்குமாடி வீட்டில் திருஷ்டி கழிப்பது எப்படி? (சுற்றியதை எங்கே போடுவது என்பதும் சேர்த்து)

திருஷ்டி சுற்றத் தெரிந்தவர்கள் சென்னையில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சுற்றியதை எங்கே போடுவது என்று தெரியாமல்தான் பலர் விட்டுவிட்டார்கள். ஊரில் முச்சந்தி இருந்தது, ஓடுகிற வாய்க்கால் இருந்தது, கொல்லையில் விறகடுப்பு இருந்தது. வேளச்சேரியில் நான்காவது மாடியில் இருப்பவருக்கு முச்சந்தி என்றால் சிக்னல், வாய்க்கால் என்றால் மழைநீர் வடிகால். அங்கே எலுமிச்சையையும் பூசணியையும் கொண்டுபோய்ப் போட்டால் யாரோ ஒருவர் பைக்கோடு சறுக்கி விழுவார். நம் வீட்டுக் கெடுதலை அடுத்தவர் வழியில் வைத்துவிட்டு வருவதைக் கழிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதனால் என் வீட்டில் செய்யும் முறையை எழுதுகிறேன். இதன் அடிப்படை ஒன்றுதான். மண், நீர், தீ, காற்று, ஆகாயம் ஐந்தையும் துணைக்கு அழைக்கிறோம். வேலை முடிந்ததும் மண்ணுக்கு உரியது மண்ணுக்கும், நீருக்கு உரியது நீருக்கும் போய்ச் சேர வேண்டும். அப்படிப் போய்ச் சேர முடியாத எதையும் கையில் எடுக்கவே கூடாது. பிளாஸ்டிக் பூத முகம், சாயம் ஏற்றிய குங்குமம், நைலான் கயிறு மூன்றும் என் வீட்டில் கிடையாது.

ஒரு வார்த்தை முதலிலேயே. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து சுற்றுங்கள். சுற்றிவிட்டோமே என்று காத்திருக்க வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

கல்லுப்பு ஒரு கைப்பிடி, காய்ந்த மிளகாய், கடுகு, சிட்டிகை காலடி மண், மஞ்சள், சுண்ணாம்பு, வெற்றிலை, கற்பூரம், சாம்பிராணி. அப்புறம் மூன்று தொன்னை, ஒரு மண்சட்டி, கொட்டாங்கச்சிக் கரி.

உப்பு கல்லுப்பாகவே இருக்கட்டும். கடல்நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலும் காற்றும் பட்டு விளைந்தது அது. ஈசிஆரில் மரக்காணம் பக்கம் போனவர்கள் அந்தப் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். பாக்கெட்டில் வரும் தூள் உப்பு சமையலுக்கு இருக்கட்டும்.

சாம்பிராணியில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கப் சாம்பிராணி வேண்டவே வேண்டாம். பெரும்பாலானவற்றில் கரித்தூளும் வாசனைத் திரவியமும்தான் இருக்கிறது. உண்மையான சாம்பிராணி மரத்தின் பிசின். சுமத்ராவிலிருந்து கப்பலேறி வருகிற சரக்கு. மயிலாப்பூரிலோ பாரிமுனையிலோ பழைய நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கேளுங்கள். சில கடைகளில் குங்கிலியத்தை எடுத்துக் கொடுப்பார்கள். அதுவும் நல்ல பிசின்தான், ஆனால் வேறு மரம், வேறு வாசம்.

முதல் படி: சுற்றுவது

செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, அமாவாசை, எதுவானாலும் விளக்கு வைக்கும் நேரம். வீட்டிலுள்ளவர்களைக் கிழக்குப் பார்த்து உட்கார வையுங்கள். மூத்த பெண் சுற்றுவது வழக்கம். பாட்டியோ அத்தையோ உடன் இல்லாத வீட்டில் யார் சுற்றினாலும் சரி.

ஒரு தட்டில் மூன்று தொன்னைகளை வைத்து, ஒன்றில் உப்பு, ஒன்றில் மிளகாயும் கடுகும், ஒன்றில் மண். வலமாக மூன்று, இடமாக மூன்று, பிறகு தலையிலிருந்து கால்வரை மேலும் கீழுமாக ஒருமுறை. வாயில் "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, நல்ல கண்ணு, கொள்ளிக் கண்ணு, எல்லாக் கண்ணும் போகட்டும்" என்று உங்கள் வீட்டில் சொல்லும் சொல் எதுவோ அதைச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இது மாறும். சரியான சொல் எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் பாட்டி சொன்னதுதான் சரியான சொல். உட்கார்ந்திருப்பவர் தட்டின் பக்கம் தூ தூ தூ என்று துப்புவதுபோல் செய்வார்.

காலடி மண்ணுக்குத் தெருவில் இறங்க வேண்டியதில்லை. வீட்டுத் தொட்டிச் செடியின் மண்ணில் வலது காலை வைக்கச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு சிட்டிகை எடுத்தால் போதும்.

இரண்டாம் படி: பிரித்துப் போடுவது

வழக்கமாக எல்லாவற்றையும் மொத்தமாக அடுப்பில் கொட்டுவார்கள். விறகடுப்பு இருந்த வீட்டில் அது நடந்தது. நம் வீட்டில் அப்படிச் செய்தால் உப்பு கேஸ் அடுப்பின் பர்னரை அரிக்கும். சட்டிக் கரியில் கொட்டினாலும் சாம்பல் உப்புச் சாம்பலாகி எந்தச் செடிக்கும் ஆகாமல் போகும். சுற்றும்போது ஒரே தட்டு, போடும்போது தனித்தனி என்று நான் வைத்திருப்பது அதனால்தான்.

உப்பு நீருக்கு. ஒரு சொம்புத் தண்ணீரில் முழுதும் கரைந்து அடியில் ஒரு கல்கூட இல்லாமல் போகும்வரை காத்திருந்து, சமையலறைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். செடியில் மட்டும் ஊற்றாதீர்கள். வேர் தண்ணீர் எடுக்க முடியாமல் செடி கருகிவிடும்.

மண் மண்ணுக்கு. எடுத்த தொட்டியிலேயே திரும்பப் போடுங்கள்.

மிளகாயும் கடுகும் தீக்கு. மண்சட்டியில் கொட்டாங்கச்சிக் கரியைக் கனல வைத்து, பால்கனியில் வைத்துப் போடுங்கள். மிளகாய் நெடி ஏறாவிட்டால் திருஷ்டி பலம் என்பார்கள். நெடிக்குக் காரணம் மிளகாயிலுள்ள காப்சைசின். வெட்டவெளியில் காற்று அடித்துக்கொண்டு போனாலும் நெடி தெரியாது. காரணம் தெரிந்த பிறகும் நான் அந்த நெடிக்காகக் காத்திருக்கிறேன். வீடே ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக நிற்கிறதே, அதற்காக. ஆஸ்துமா உள்ளவர்களையும் கைக்குழந்தையையும் உள்ளறையில் இருக்கச் சொல்லுங்கள். மூடிய அறைக்குள் கரிக் கனலை ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

பொருளின் இயல்பைப் பார்த்து நடத்துவது நான் கண்டுபிடித்த புதுமையல்ல. ஐம்பூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில். அங்கே மணல் லிங்கம் என்பதால் லிங்கத்துக்கு நீர் அபிஷேகம் கிடையாது, ஆவுடையாருக்குத்தான்.

மூன்றாம் படி: ஆரத்தி (இங்கேதான் பலருக்கும் நின்றுபோகும்)

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. கேட்க எளிது. எனக்கோ வெகுநாள் அந்தச் சிவப்பு வரவே இல்லை. மங்கலான ஆரஞ்சுதான் வந்தது. குங்குமத்தைப் போட்டு ஒப்பேற்ற மனம் வரவில்லை. கடைசியில் தெருமுனை வெற்றிலைக் கடை அம்மாதான் டப்பாவைத் திறந்து பார்த்துச் சொன்னார்: "சுண்ணாம்பு செத்துப்போச்சும்மா."

அது முழுக்க உண்மை. மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. காரத்தன்மை பட்டால் அது சிவக்கும். ஈரச் சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சாக்கட்டிப் பொருளாக மாறிவிடும். பார்க்க வெள்ளையாகவே இருக்கும், காரம் போயிருக்கும். ஆகவே எப்போதும் புதுச் சுண்ணாம்பு வாங்குங்கள், மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி இறுக மூடி வையுங்கள். சோதிக்க வேண்டுமானால் வெற்றிலையின் மேல் துளி சுண்ணாம்பும் துளி மஞ்சளும் குழைத்துப் பாருங்கள். உடனே சிவந்தால் உயிரோடு இருக்கிறது.

மஞ்சளிலும் ஒரு சிக்கல். கஸ்தூரி மஞ்சள் வாசனையானது, ஆனால் அதில் குர்குமின் குறைவு. நிறம் வராது. நல்ல விரலி மஞ்சளைக் கல்லில் உரைத்து எடுப்பதுதான் என் விருப்பம்.

அளவு: ஒரு டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் மஞ்சள், பட்டாணி அளவு சுண்ணாம்பு. முதலில் மஞ்சளைக் கரையுங்கள். சுண்ணாம்பைத் தனியே கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கட்டி அடியில் தங்கியதும் மேல்நீரை மட்டும் ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். சிவப்பு ஒரே வீச்சில் ஏறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த நொடி அலுப்பதில்லை.

அலுமினியத் தட்டு ஆகாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். பித்தளையோ எவர்சில்வரோ எடுங்கள். காலையிலேயே கலந்து வைக்கவும் வேண்டாம், நேரம் ஆக ஆகப் பழுப்பேறும். நடுவில் வெற்றிலையை மிதக்கவிட்டு அதன்மேல் சின்னக் கற்பூரம். கற்பூரத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், வாயில் போட்டால் ஆபத்து.

சுற்றி முடித்து நெற்றியில் பொட்டு வைத்த பிறகு, கீழே இறங்கி மரத்தடி மண்ணில் ஊற்றுங்கள். வராந்தா டைல்ஸில் ஊற்றினால் கறை போகாது, பக்கத்து வீட்டாரோடு சண்டைதான் வரும். ஒரே தொட்டியில் வாராவாரம் ஊற்றினால் அந்த மண்ணில் சுண்ணாம்பு ஏறிவிடும், இடம் மாற்றி ஊற்றுங்கள்.

நான்காம் படி: புகை

சென்னையில் இருப்பவர்களுக்குக் கடற்காற்று பெரிய வரம். வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து உள்ளே வரும், மாலையிலும் பெரும்பாலும் அதே திசைதான். சாம்பிராணிச் சட்டியைக் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, மேற்கே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து, காற்றோடு நீங்களும் நடந்து அறை அறையாகப் போங்கள். புகை வீடு முழுக்கப் படிந்து தானாக வெளியேறும். எதிர்த்திசையில் நடந்தால் உங்கள் கண்தான் எரியும்.

புகை குறைவாகப் போதும். போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரித்து விமானங்களைத் திருப்பிவிடும் அளவுக்குப் புகை கிளப்பிய ஊர் இது. காற்றை அழைத்து வீட்டைத் துடைக்கச் சொல்லிவிட்டு அதன் முகத்திலேயே கரி பூசக் கூடாது.

ஐந்தாம் படி: வாசல்

ஆகாயத்துக்கு உரியதாக நான் கட்டுவது ஆகாச கருடன் கிழங்கு. மஞ்சள் தடவி, பருத்திக் கயிற்றில் வாசலுக்கு மேலே. மண்ணும் தண்ணீரும் இல்லாமலே துளிர்விடும். காற்றைக் குடித்து வளர்கிறது என்பார்கள். தனக்குள் சேர்த்து வைத்த நீரையும் மாவையும் கொண்டுதான் துளிர்க்கிறது. அதுவும் எனக்குக் குறைந்த அதிசயமாகத் தெரியவில்லை. இது சுரைக்காய், பாகற்காய் குடும்பத்துக் கொடி. கிழங்கு சுருங்கும்வரை தொங்கவிடாமல், துளிர் ஒரு முழம் வந்ததும் இறக்கித் தொட்டியில் நட்டுவிடுங்கள். சும்மா சும்மா புதுசு வாங்கித் தீர்க்க வேண்டாம், எங்கோ ஒரு மண்ணிலிருந்து தோண்டி எடுத்ததுதானே.

பூசணிக்காய்

ஆயுத பூஜை மறுநாள் நம் தெருக்களைப் பார்த்திருக்கிறீர்கள். சாலையில் உடைக்காதீர்கள் என்று போலீஸ் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உடைக்கத்தான் வேண்டும் என்றால் குடியிருப்பின் மண் தரையில் சாக்கு விரித்து உடையுங்கள். உள்ளே குங்குமத்துக்குப் பதில் மேலே சொன்ன மஞ்சள் சுண்ணாம்புச் சிவப்பு. துண்டுகளை அங்கேயே குழி தோண்டிப் புதைத்தால் சில மழைக்குப் பிறகு கொடி கிளம்பும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டவற்றுக்கு:

ஆரத்தி சிவந்து, பிறகு மஞ்சளாகிவிட்டதாக ஒருவர் எழுதினார். விசாரித்தால் எலுமிச்சை பிழிந்திருக்கிறார். புளிப்பு பட்டால் காரம் முறிந்து பழைய மஞ்சளுக்கே திரும்பும். எலுமிச்சையைத் தனியாகச் சுற்றுங்கள், ஆரத்தித் தட்டில் பிழிய வேண்டாம்.

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு, பால்கனியும் இல்லை, புகை மணி வேறு அலறுகிறது என்றால் தீயைக் கட்டாயப்படுத்தாதீர்கள். உப்பை மட்டும் வைத்துச் சுற்றி நீரில் கரையுங்கள். தீக்கு ஒரு அகல் விளக்கு போதும்.

கடலில் கரைக்கலாமா என்று திருவான்மியூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். உப்பை மட்டும் தாராளமாக. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வரும், குஞ்சுகள் மே வரைகூடப் பொரிக்கும். அவை வெளிச்சத்தைப் பார்த்துக் கடல் இருக்கும் திசையை அறிபவை. அந்த மாதங்களில் இரவில் மணலில் கற்பூரமோ விளக்கோ ஏற்றாதீர்கள். துணி, கயிறு, கண்ணாடி வளையல் எதையும் அலையில் விடாதீர்கள்.

வாடகை வீடு, தொட்டி வைக்க இடமில்லை, கீழே முழுக்க சிமெண்ட் என்பவர்கள் எலுமிச்சை, வெற்றிலை, தொன்னை எல்லாவற்றையும் மட்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போடுங்கள். அதுவும் உரமாகி மண்ணுக்குத்தான் போகிறது. பிளாஸ்டிக் கவரில் முடிந்து போடாதீர்கள், பழைய செய்தித்தாளில் சுற்றினால் போதும்.