பரம்பரை அமிலாய்டு நோய்: நரம்பு ஸ்கேன் மணிக்கட்டோடு நின்றால் போதாது

இரண்டு கையும் மரத்துப்போகிறது என்று ஒருவர் வருகிறார். மணிக்கட்டில் அல்ட்ராசவுண்ட் ப்ரோபை வைத்ததும், உள்ளங்கைக்குப் போகும் மீடியன் நரம்பு வீங்கித் தெரிகிறது. 'கார்ப்பல் டன்னல்' (மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது) என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு நோய் எளிதில் கைநழுவுவது இங்கேதான்.

கல்லீரலில் உருவாகும் டிரான்ஸ்தைரெட்டின் (சுருக்கமாக டிடிஆர்) என்ற புரதம் மரபணுக் கோளாறால் உருக்குலைந்து நரம்பிலும் இதயத்திலும் படிகிறது. மணிக்கட்டுத் தசைநாரிலும் படிவதால், கால் மரத்துப்போவதற்குப் பல வருடம் முன்பே கார்ப்பல் டன்னல் வந்துவிடலாம். அதனால் ப்ரோபை முன்கை வழியாக மேலே கொண்டுபோங்கள். மேற்கையின் நடுப்பகுதி, அக்குள், கழுத்தடி நரம்புப் பின்னல் வரை பாருங்கள். சாதாரண கார்ப்பல் டன்னலில் நரம்பு முன்கைக்கு வந்ததும் வழக்கமான அளவுக்குத் திரும்பிவிடும். எதுவும் அழுத்தாத மேற்கையிலும் தடித்திருந்தால் சந்தேகப்பட்டே ஆகவேண்டும்.

அளக்கும்போது ப்ரோப் சாய்ந்தால் குறுக்குவெட்டுப் பரப்பு கூடிக் காட்டும். வெள்ளையாகத் தெரியும் வெளியுறைக்கு உட்புறமாகக் கோடு போடுங்கள். சிலருக்கு மணிக்கட்டில் நரம்பு இரண்டாகப் பிரிந்து ஓடும். இரண்டையும் கூட்ட வேண்டும். சர்க்கரை நோயிலும் நரம்பு தடிக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம். தடித்த நரம்பைப் பார்த்தவுடன் சிஐடிபி (நோயெதிர்ப்பு மண்டலமே நரம்பைத் தாக்கும் நாட்பட்ட நோய்) என்று முடிவுகட்டி, அதற்கான இம்யூனோகுளோபுலின் மருந்தை மாதக்கணக்கில் ஏற்றுவது. அமிலாய்டுக்கு அது பயன்படாது. நரம்பு கெட்டுக்கொண்டே போகும். சிஐடிபியில் தடிப்பு பெரும்பாலும் இதைவிட அதிகம்தான், ஆனால் அளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஜெல்லைத் துடைக்கும் நேரத்தில், அமிலாய்டைக் காட்டிக்கொடுக்கும் நாலு கேள்வி கேளுங்கள்: எடை குறைகிறதா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வருகிறதா, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா?

அப்புறம், ஸ்கேன் சரியாக இருந்தால் நோய் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1952-இல் நரம்பியல் மருத்துவர் கொரினோ அந்திராதே போர்ச்சுகலில் விவரித்த நோயாளிகளுக்குப் பாதத்தில் சூடும் வலியும் தெரியாமல் போனதுதான் தொடக்கம். அந்த உணர்வுகளைக் கடத்தும் நுண்ணிழைகள் அல்ட்ராசவுண்டில் தெரியாது.

சந்தேகம் இருந்தால் டிடிஆர் மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுக்கச் சொல்லி அறிக்கையிலேயே எழுதுங்கள். 2018 முதல் பட்டிசிரான் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை நோயின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், இழந்த நரம்பை முழுதாக மீட்டுத் தராது. எந்த இடத்தில் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதையும் குறித்து வையுங்கள், அடுத்த ஸ்கேனில் அதே இடத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.