சிரிப்புப் படத்துக்கு விமர்சனம் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

"முதல் பாதி கலகல, இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை, குடும்பத்தோடு ஒருமுறை பார்க்கலாம்." இந்த வரி எந்தக் காமெடிப் படத்துக்கும் பொருந்தும், அதனாலேயே எந்தப் படத்துக்கும் உதவாது. சிரிப்பு எதனால் வந்தது, எந்த இடத்தில் நின்றுபோனது என்று காட்டாத விமர்சனத்தைப் படித்து யாருக்கும் பயனில்லை.

அதிகம் நடக்கும் தவறு, சிரிப்பின் கணக்கை முழுக்க வசனத்தின் பேரில் எழுதிவிடுவது. 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாகேஷ் பேசுவதை மட்டும் தாளில் எழுதிப் படித்தால் சாதாரணப் பேய்க்கதைதான். பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலவரமாவதில்தான் தியேட்டர் அதிர்கிறது. கேட்பவர் இல்லாவிட்டால் சொல்பவருக்கு வேலையே இல்லை. ஆகவே ஒவ்வொரு சிரிப்புக்கும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் பேசினார், யார் கேட்டார், நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டார்கள். 'டாக்டர்' (2021) படத்துக்கு இப்படிக் குறிப்பெடுத்தால், சிவகார்த்திகேயன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே இருப்பதும் சுற்றியிருப்பவர்கள் பதறுவதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கங்கள் என்பது புரியும். அதைப் பார்க்காமல் 'நாயகனிடம் உணர்ச்சியே இல்லை' என்று எழுதினால், சிரிப்பைத் தாங்கும் தூணையே குறை என்று சொன்னதாகிவிடும்.

அடுத்தது 'கவுண்டமணி–செந்தில் காலம் போல வருமா' என்ற பெருமூச்சு. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காமெடியை எழுதியவர் ஏ.வீரப்பன். அந்தக் காலத்தில் காமெடி ட்ராக் பெரும்பாலும் தனியாக எழுதப்பட்டது. வாழைப்பழத்தை உருவி எடுத்துவிட்டாலும் படத்தின் கதை அப்படியே நிற்கும். 'லவ் டுடே'யில் (2022) காதலர்கள் போனை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை உருவினால் படமே இல்லை. முன்னதில் காட்சியை எடைபோட வேண்டும், பின்னதில் கதை முடிச்சை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் பழையதுதான் ஜெயிக்கும். ஏனென்றால் அதில் நமக்கு ஞாபகம் இருப்பது பொறுக்கியெடுத்த சில நிமிடங்கள் மட்டுமே.

படம் எப்போது எடுக்கப்பட்டது என்று பார்க்காமல் எழுதுவதும் உண்டு. 2013 பொங்கலுக்கு வர வேண்டிய 'மதகஜராஜா' 2025 பொங்கலுக்குத்தான் வந்தது. அதை 2025இன் ரசனைக்கு உதாரணமாகக் காட்டினால் தப்பு. 'பழைய படம், போகட்டும்' என்று அதிலுள்ள இரட்டை அர்த்தத்தைத் தட்டிக்கொடுத்தாலும் தப்பு. சந்தானம் முழுநேர காமெடியனாக இருந்த காலத்தின் வேகம் அதில் அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்தும் அரங்கம் எதற்குச் சிரித்தது, எதற்கு நெளிந்தது என்று பிரித்து எழுதினால் அது உருப்படியான விமர்சனம்.

'உருவகேலி இருக்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். சிரிப்பு யார் மேல் போய் விழுகிறது என்று பாருங்கள். 'மண்டேலா'வில் (2021) ஊரார் துச்சமாக நடத்தும் முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டுக்காக இரண்டு கோஷ்டியும் அவர் காலையே சுற்றிவரும்போது, கேலி ஊரின் பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பம் இல்லாத படங்களைத் தாராளமாகத் திட்டலாம். ஆனால் எந்தக் காட்சி, யாருடைய உடம்பு என்று குறிப்பிட்டுத் திட்டுங்கள்.

லாஜிக் விஷயத்தில், தொடக்கத்தில் வரும் பெரிய பொய் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பொய்க்குப் படமே வகுத்த விதியைப் பாதியில் மீறினால்தான் குற்றம். கதை முடிச்சைச் சொல்லலாம், அது அவிழும் இடத்தைச் சொல்லக் கூடாது. 'லவ் டுடே'யில் போன் கைமாறுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நல்ல கவுண்டர் வசனத்தை (சட்டென்று வரும் பதிலடியை) விமர்சனத்தில் அப்படியே எடுத்துப் போடுவது, சாப்பிட வந்தவர் இலையிலிருந்து வடையை எடுத்துத் தின்பது மாதிரி.

எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்பதும் தீர்ப்பை மாற்றிவிடும். பிரஸ் ஷோவில் எல்லோரும் குறிப்பெடுப்பதால் சிரிப்பு அடங்கியே வரும். முதல் நாள் முதல் காட்சியில் ஹீரோ தும்மினாலும் விசில் பறக்கும். முடிந்தால் வார நாள் மாலைக் காட்சி ஒன்றையும் பாருங்கள். இரண்டு காட்சியிலும் சிரிப்பு வந்த இடங்கள்தான் படத்தின் சொந்தச் சம்பாத்தியம். 'மண்டேலா' போலத் தியேட்டருக்கே வராமல் டிவியிலும் ஓடிடியிலும் வெளியான படத்தைத் தனியாகப் பார்த்துவிட்டு 'ரசிகர்கள் சிரிக்கிறார்கள்' என்று எழுதாதீர்கள். யாரும் பக்கத்தில் இல்லை.

எழுதி முடித்ததும் 'வழக்கம்போல்' என்ற சொல்லைத் தேடி அடியுங்கள். 'யோகி பாபு வழக்கம்போல் சிரிக்க வைக்கிறார்' என்ற வரியை அடித்த இடத்தில், அவர் எந்தக் காட்சியில் வாயைத் திறக்காமலே சிரிக்க வைத்தார் என்று எழுதப் பாருங்கள். எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த வரியே வேண்டாம்.