வெளுத்த வானத்தை எடிட்டிங் மீட்டுத் தராது: புதிதாகப் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சூரியன் எழும் நேரத்தில் கேமராக்களுக்குக் குறைவிருக்காது. கடலுக்கு முதுகு காட்டி நண்பர் நிற்பார். படத்தில் முகம் இருண்டுபோகும், இல்லையென்றால் வானம் வெளுத்துப்போகும். "எடிட்டிங்கில் பார்த்துக்கலாம்" என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். முதலில் விடவேண்டியது இந்த நம்பிக்கையைத்தான். கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரில் பதிவானதை எடிட்டிங் மாற்றும். பதிவாகாததை மீட்டுத் தராது.

ஜேபெக் (JPEG) படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 அளவுகள் உண்டு. வானம் உச்ச அளவான 255-ஐத் தொட்டுவிட்டால் அங்கே மேகமும் இல்லை, நிறமும் இல்லை. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா (RAW) கோப்பில் 16,384 அளவுகள் இருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதற்கும் எல்லை உண்டு. அதனால் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை படம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் குறையுங்கள். முகம் இருட்டாக இருந்தால் பிறகு ஓரளவு தூக்கலாம். நாய்ஸ் (புள்ளி புள்ளியான கரகரப்பு) தெரியும், ஆனாலும் படம் இருக்கும். போனில் எடுக்கிறீர்களா? முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்துவிட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள்.

பாரதி பூங்காவின் ஆயி மண்டபத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். படச்சட்டம் முழுக்க வெள்ளை மண்டபம் நிறைந்தால் அது மங்கிப் போய் வரும். மீட்டர் சொன்ன வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் பக்கம் 1 வரை தள்ளிப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகவே வரும்.

பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர் ஏமாற்றுவது ஆட்டோ ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்தைத் தானாகச் சரிக்கட்டும் அமைப்பை. வெளிச்சமே மஞ்சளாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அது நீலத்தைச் சேர்த்துவிடும். சுவர் சோகையாகத் தெரியும். வெயிலில் 'டேலைட்' என்று வைத்துவிட்டால் போதும். ரா கோப்பில் இதைப் பின்னாலும் மாற்றலாம், படத்துக்குச் சேதம் வராது.

அப்புறம், ஐஎஸ்ஓ. அதைக் கூட்டினால் சென்சார் அதிக ஒளியை வாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒளியை உள்ளே விடுவது அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஷட்டரும் (ஒளி விழும் நேரம்)தான்; ஐஎஸ்ஓ, கிடைத்த சிக்னலைப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். இதைவிடப் பெரிய தவறு நாய்ஸுக்குப் பயந்து மாலையிலும் ஐஎஸ்ஓ 100-லேயே நிற்பது. கடலூர் துறைமுகத்தில் வலையை இழுக்கும் கைகளை 1/30 நொடியில் எடுத்தால் கைகள் கலங்கித்தான் வரும். ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றுங்கள், ஷட்டரை 1/500 நொடிக்குக் கொண்டுவாருங்கள். நாய்ஸைக் குறைக்க மென்பொருள் இருக்கிறது. அசைந்து கலங்கிய படத்தை, ஓரங்களைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங் சரிசெய்யாது, அவற்றை உறுத்தலாக மட்டும் ஆக்கும். எனக்கு எப்போதும் நாய்ஸோடு வந்த தெளிவான படம்தான் மேல்.

எடிட்டிங்கில் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) ஏற்றினால் எல்லா நிறமும் ஒன்றாக ஏறும், முகங்கள் செங்கல் நிறமாகும். ஆட்கள் உள்ள படத்துக்கு வைப்ரன்ஸ் என்ற அளவை ஏற்றுவது நல்லது. அது மங்கிய நிறங்களை அதிகமாகத் தூக்கும், தோல் நிறத்தில் அடக்கமாக நடக்கும்.

பிரின்ட் போடும்போது "300 டிபிஐ வேண்டும்" (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று கேட்டால், கோப்பில் அந்த எண்ணை மட்டும் மாற்றிவிட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. எண்ணை மாற்றினால் பிக்சல் கூடாது. 6×4 அங்குலப் படத்துக்கு 300 டிபிஐ என்றால் 1800×1200 பிக்சல். அவ்வளவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்தி மறுபடி சேமிக்கும்போதும் தரம் குறையும் என்பதால் மூலப் படத்தைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள்.